வாசகர் கேள்வி நேரம்: கீழ போட்ட வண்டிய திரும்ப எடுக்குறது எப்படி?

கேள்வி: அக்கா வணக்கம். நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துல ஒரு கிராமம், வயசு 36, அங்கன்வாடில வேலை. காலைல ஒரே ஒரு பஸ், அத விட்டா ஷேர் ஆட்டோதான், அதான் வீட்டுக்காரரோட ஸ்ப்ளெண்டர ஓட்டிப் பழகலாம்னு எல்எல்ஆர் போட்டேன். நேரா நல்லாத்தான் ஓட்டினேன். போன மாசம் டீக்கடை முன்னாடி யூ டர்ன் போடுறப்ப குறுக்க ஆடு வந்துச்சு, பட்டுனு பிரேக் புடிச்சேன், வண்டி வலது பக்கமா சாஞ்சு என் கால் மேலயே விழுந்துருச்சு. முட்டில சிராய்ப்பு, பிரேக் லிவர் வளைஞ்சு போச்சு. கடைல இருந்தவங்க சிரிச்சது இன்னும் காதுல கேக்குது. "உனக்கு கியர் வண்டியெல்லாம் சரிப்படாது, ஸ்கூட்டி வாங்கிக்கலாம்"ங்கிறார் வீட்டுக்காரர். அதுக்கப்புறம் நான் சாவியவே தொடல, வண்டிய பாத்தாலே கை நடுங்குது. எனக்கு பேலன்ஸே வராதா? விட்டுரட்டுமா?

– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: விடாதீங்க தங்கச்சி. ஆனா வண்டிய பத்தி பேசுறதுக்கு முன்னாடி, முட்டி எப்படி இருக்கு? மாடிப்படி ஏறி இறங்கும்போது பிடிச்சுக்குதுன்னாலோ வீக்கம் இன்னும் இருந்தாலோ டாக்டர்ட்ட காட்டிட்டுதான் வண்டில ஏறணும், ஏன்னா நிக்கும்போது வண்டியோட எடைய தாங்கப்போறது அந்த கால்தான். விழுந்தப்ப ஹெல்மெட் தரைல அடிச்சிருந்தா வெளில கீறல் இல்லன்னாலும் அத மாத்திருங்க, உள்ள இருக்குற தெர்மாகோல் ஒரு தடவ அடிய வாங்கி நசுங்கிட்டா அடுத்த அடிக்கு அது காப்பாத்தாது.

இப்ப பேலன்ஸ் விஷயத்துக்கு வருவோம். ஏன் விழுந்தீங்கன்னு உங்க கடிதத்துலயே இருக்கு. யூ டர்ன் போடும்போது ஹேண்டில் வலது பக்கம் திரும்பி இருந்துச்சு, வண்டி நடக்குற வேகத்துல போயிட்டிருந்துச்சு, அந்த நேரம் பாத்து வலது கை முன் பிரேக்க கப்புனு புடிச்சிருச்சு. வேகமா போகும்போது வண்டி பெரும்பாலும் தானாவே நிமிந்து நிக்கும், மெதுவா போகும்போது அந்த உதவி கிடையாது, அப்ப திரும்பின சக்கரம் சடார்னு நின்னா முன்னாடி போயிட்டிருந்த எடை மொத்தமும் திரும்பின பக்கமே போய் சாயும். நீங்க வலது பக்கம் திரும்பினீங்க, அது வலது பக்கம் சாஞ்சுது, அவ்வளவுதான் நடந்தது. இருபது வருசமா ஓட்டுறவங்க இதே மாதிரி புடிச்சாலும் இதே மாதிரிதான் விழுவாங்க, வயசோ பொம்பளைங்கிறதோ இதுல வரவே இல்ல. பேலன்ஸ் வராதவங்களால நேரா கூட ஓட்ட முடியாது, நீங்கதான் நேரா நல்லா ஓட்டினேன்னு எழுதியிருக்கீங்களே.

சாயுற வண்டிய தாங்கிப் புடிக்க முடியலயேன்னு ஒரு வருத்தம் மனசுல இருக்கும், நான் வண்டி கத்துக்குடுத்த பொம்பளைங்க பாதிப் பேர் இததான் சொல்வாங்க, கைல பலம் இல்லக்கான்னு. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. அது லேசா சாயும்போது ஒரு கையால நிமித்திரலாம், ஆனா ஒரு அளவ தாண்டி சாஞ்சுருச்சுன்னா பயில்வானாலயும் நிறுத்த முடியாது. அதனால அந்த அளவ தாண்டிருச்சுன்னு தெரிஞ்சா புடிச்சு இழுக்காம விட்டுட்டு தள்ளி வந்துருங்க, வண்டிக்கு கீழ கால கொடுக்காதீங்க. லிவர் போனா கம்மி விலைக்கு கடைல கிடைக்கும், கணுக்கால் போனா மாசக்கணக்குல வீட்ல இருக்கணும். ஆமா, அந்த வளைஞ்ச லிவர நெளிச்சு நேராக்க பாக்காதீங்க, பிரேக் புடிக்கிற நேரத்துல ஒடிஞ்சிரும், புதுசு போட்ருங்க. அப்படியே மெக்கானிக்க ஹேண்டில் கோணலா இருக்கா, பிரேக் பெடல் வளைஞ்சிருக்கா, கால் வைக்கிற கம்பி சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, ஏன்னா ஹேண்டில் லேசா கோணியிருந்தா நீங்க நேரா போனாலும் வண்டி இழுக்குற மாதிரியே இருக்கும், உங்க மனசு அதையும் உங்க தப்புன்னே எடுத்துக்கும்.

அடுத்தது, சாஞ்ச வண்டிய நீங்களே தூக்கக் கத்துக்கணும். இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன், பயத்துல பாதி "விழுந்தா யாராவது வந்து தூக்கணுமே, எல்லாரும் பாப்பாங்களே"ங்கிறதுதான். முதல்ல சாவி ஆஃப். வலது பக்கமா விழுந்திருந்தா சைடு ஸ்டாண்டும் கியரும் மேல் பக்கம் இருக்கும், ஸ்டாண்ட மொதல்லயே விரிச்சிருங்க, முதல் கியர்ல போட்டுருங்க, அப்பதான் தூக்கும்போது உருளாது. அப்புறம் சீட்டுக்கு முதுக காட்டி குத்துக்கால் போட்டு உக்காந்து, கீழ் பக்க ஹேண்டில டேங்க ஒட்டி வர்ற மாதிரி திருப்பி ஒரு கையால புடிச்சுக்கங்க, இன்னொரு கை பின் கம்பில, முதுக வளைக்காம காலால தரைய தள்ளி சின்ன சின்ன அடியா பின்னாடி போங்க, வண்டி எந்திரிச்சிரும். முதுகாலயும் தோளாலயும் இழுத்தா இடுப்பு புடிச்சுக்கும். சைலன்சர் சூடா இருக்கும், அதுல காலோ கையோ படக்கூடாது. பெட்ரோல் வாசனை அடிச்சா கொஞ்ச நேரம் பொறுங்க. நிறைய பிஎஸ்6 (புது புகை விதிப்படி வர்ற) வண்டிகள்ல சாஞ்ச உடனே இன்ஜின் தானா நின்னுரும், சாவிய ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் திரும்ப ஸ்டார்ட் ஆகும், இது தெரியாம வண்டி கெட்டுப்போச்சுன்னு பயந்தவங்க நிறைய பேரு. இத வீட்டு வாசல்ல பழைய மெத்தையோ சாக்கோ போட்டு அதுமேல வண்டிய மெல்ல சாச்சு வச்சு, வீட்டுக்காரர் பக்கத்துல நிக்க தூக்கிப் பாருங்க. ரெண்டு மூணு தரம் நீங்களே தூக்கிட்டா அந்த பயம் பாதியாயிரும்.

ஓட்டுறத இப்ப எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னா, இன்ஜின ஆஃப் பண்ணி வச்சே ஆரம்பிங்க. நியூட்ரல்ல போட்டு இடது பக்கம் நின்னு வண்டிய தள்ளிட்டு நடங்க, தண்ணிக்குடத்த இடுப்போட அணைச்ச மாதிரி வண்டிய இடுப்போட ஒட்டி வச்சுக்கங்க, எட்டி புடிச்சா கனமா தெரியும். அப்புறம் மேல உக்காந்து ரெண்டு காலும் தரைல ஊன்றி இடதும் வலதுமா மெல்ல சாச்சு எந்த இடத்துல கனக்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. அடுத்து கட்டாந்தரையா ஒரு கிரவுண்ட், மணல் இல்லாத இடம், ஞாயித்துக்கிழமை காலைல பள்ளிக்கூட கிரவுண்டுல கேட்டா விடுவாங்க. முதல் கியர்ல ஹாஃப் கிளட்ச்ல, அதாவது கிளட்ச பாதி மட்டும் விட்டு, இடது கால தொங்கவிட்டுட்டு நடக்குற வேகத்துல நேரா போய் நிறுத்துங்க, நிறுத்தும்போது ஹேண்டில் நேரா இருக்கணும், பார்வை தூரத்துல, கால் பிரேக்க மெல்ல அமுத்தி இடது கால ஊன்றணும். மெதுவா திரும்பும்போது முன் பிரேக் லிவர்ல விரலே இருக்க வேண்டாம். இன்னொண்ணு, 2019லருந்து வர்ற 125 சிசி வரைக்குமான வண்டிகள்ல ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற பிரேக்) இல்லன்னா கம்பைண்ட் பிரேக் இருக்கணும், அதுல கால் பிரேக்க அமுத்துனாலே முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் போகும், உங்க வண்டி அதுக்கு அப்புறம் வாங்கினதா இருந்தா திரும்பும்போது கால் பிரேக்கயும் பதமாத்தான் அமுத்தணும். வேகத்த கூட்ட குறைக்க கிளட்ச்சே போதும், ஆக்சிலேட்டர் ஒரே அளவுல இருக்கட்டும், கிளட்ச் விரல்தான் வேலை செய்யணும். இது கைக்கு வந்துட்டா மெதுவா ஓட்டுறது வந்துருச்சுன்னு வச்சுக்கங்க, நிறைய பேர் இத பழகாமலேயே ரோட்டுக்கு போயிர்றாங்க, அதான் டிராஃபிக்ல தடுமாறுறாங்க.

அது சரியானதுக்கு அப்புறம் பெரிய வட்டம், அப்புறம் சின்ன வட்டம். கோலமாவால தரைல பெருசா ஒரு எட்டு போட்டுக்கங்க, எப்படியும் ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போடணும்ல. திரும்பும்போது முன் சக்கரத்த பாக்காம, போகப்போற இடத்த தோள் மேல தலைய திருப்பி பாருங்க, கண்ணு எங்க போகுதோ அங்கதான் வண்டி போகும், ஆட்டையே பாத்தா ஆட்டு மேலதான் போகும். கை நடுங்குதுன்னு எழுதியிருக்கீங்க, அத சாதாரணமா விட்றாதீங்க, பயத்துல கை இறுகும், இறுகின கை தெரியாமலேயே ஆக்சிலேட்டர முறுக்கும், முழங்கை விறைச்சா ஹேண்டில் ஆடும். அதனால தைரியமா போன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, கை இறுகுனா நிறுத்தி இறங்கி தண்ணி குடிச்சுட்டு, அதுக்கு முந்தி சுலபமா வந்தத திரும்ப செய்ங்க. பயம் குறையுறது இப்படித்தான், சின்ன சின்னதா சரியா வர வர. எல்எல்ஆர் 6 மாசம் செல்லும், எடுத்து 30 நாள் ஆனா டெஸ்ட்டுக்கு போலாம், ஆனா அவசரப்பட வேண்டியதே இல்ல. கடைசியா ஒருநாள் விடியக்காலைல, கடை திறக்குறதுக்கு முன்னாடி, விழுந்த அதே இடத்துல யூ டர்ன் போடுங்க, மொதல்ல இறங்கி நடந்து மணல் எங்க இருக்கு, ரோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டு.

ஸ்கூட்டி வாங்குறது தப்பில்ல, கியர் இல்லாதது நிம்மதின்னு உங்களுக்கே தோணுனா வாங்குங்க. ஆனா பயத்துக்காக மாறாதீங்க, ஆக்டிவாவும் 105 கிலோ பக்கத்துல வரும், ஸ்ப்ளெண்டருக்கும் அதுக்கும் எடைல பெரிய வித்தியாசம் இல்ல, அதுலயும் ஹேண்டில திருப்பி முன் பிரேக் புடிச்சா சாயத்தான் செய்யும். சேலைல போறீங்கன்னா கொசுவம் கியர் லிவர்லயும் கிக்கர்லயும் மாட்டும், பழகுற வரைக்கும் சுடிதார் போட்டு துப்பட்டாவ பின்னால முடிஞ்சுக்கங்க, ஷூ கண்டிப்பா வேணும். சிரிச்சவங்கள பத்தி ஒண்ணு, வண்டிக்கு அடியில ஒரு பொண்ணு கால் மாட்டி கிடக்கும்போது ஓடிவந்து தூக்காம சிரிச்சாங்கன்னா வெக்கப்பட வேண்டியது அவங்கதான்.

கேள்வி: வயசு 22, உயரம் 5 அடி 3 அங்குலம். ஆசைப்பட்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுத்துட்டேன். ஓட்டும்போது ஒண்ணும் இல்ல, சிக்னல்ல நிக்கும்போதும் பார்க்கிங்லயும்தான் சாய்ச்சுர்றேன். வித்துட்டு சின்ன வண்டி வாங்கலாமா?

– வாசகர், கோவில்பட்டி

பதில்: தம்பி, அந்த வண்டி 195 கிலோ, சீட் உயரம் 805 மில்லிமீட்டர், ஸ்ப்ளெண்டர விட 80 கிலோவுக்கு மேல கனம். ரெண்டு கால் நுனியையும் ஊன்ற பாக்காதீங்க, நிக்கும்போது இடுப்ப சீட்ல கொஞ்சம் இடது பக்கம் நகத்தி இடது பாதத்த முழுசா பதிங்க, வலது கால் பிரேக்குலயே இருக்கட்டும். நிறுத்துறதுக்கு முன்னாடியே தரைய பாக்குறது பழக்கமாகணும், ரோட்டோரம் சரிவா இருக்குற பக்கம் கால ஊன்ற போனீங்கன்னா தரை எட்டாது, அங்கதான் பெரும்பாலும் சாயும். பார்க்கிங்ல மேல உக்காந்து காலால தள்ளாம இறங்கி தள்ளுங்க, சரிவுல முன் சக்கரத்த கீழ் பார்த்து விடாதீங்க, திரும்ப பின்னால இழுக்க முடியாது. உயரம் குறைஞ்ச சீட் கிடைக்கும், போட்டுக்கலாம், லெக் கார்டு போட்டா சாஞ்சாலும் கால் மாட்டாது. பின்னாடி ஆள் ஏத்துறத மட்டும், வண்டிய சாய்க்காம நிறுத்த பழகின அப்புறம் வச்சுக்கங்க. விக்க வேண்டாம்.

கேள்வி: மனைவிக்கு பைக் கத்துக்குடுக்குறேன். பின்னாடி உக்காந்துதான் சொல்லிக்கொடுத்தேன், ரெண்டு தடவ சாய்ச்சுட்டாங்க, இப்ப நான் பக்கத்துல நின்னாலே பதட்டம் ஆகுறாங்க. நான் எப்படி நடந்துக்கணும்?

– வாசகர், திருமங்கலம்

பதில்: கேட்டதுக்கே உங்கள பாராட்டணும் சார், நிறைய வீட்ல கத்துக்கிறவங்கள மட்டும்தான் குறை சொல்றாங்க. கிரவுண்டுல பழகும்போது பின்னாடி உக்காரவே வேண்டாம், உங்க எடையும் சேந்தா மெதுவா போறப்ப வண்டி இன்னும் ஆடும், நீங்க பயந்து கால ஊன்றினா அவங்க ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம்னு இழுப்பீங்க. ஓடிட்டிருக்கும்போது "பிரேக் பிரேக்"னு கத்தாதீங்க, அத கேட்ட உடனே கை முன் பிரேக்கத்தான் இறுக்கும். சொல்ல வேண்டியத கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அத முடிச்சுட்டு வந்து நின்ன அப்புறம் அடுத்தது. சாஞ்சா ஓடிப்போய் அடி பட்டுச்சான்னு மட்டும் கேளுங்க, வண்டிய பாக்குறது அப்புறம், கீறல் எவ்வளவு ஆகும்ங்கிற பேச்சு அன்னைக்கு வேண்டவே வேண்டாம். போன்ல வீடியோவும் எடுக்காதீங்க.

எல்எல்ஆர்ல ரோட்டுக்கு போறப்ப லைசென்ஸ் இருக்குறவர் கூட இருக்கணும்னு விதி இருக்கு, வண்டில எல் போர்டும் இருக்கணும், அதனால அங்க நீங்க பின்னாடி உக்காந்துதான் ஆகணும். ஆனா அதுக்கு முன்னாடி ஆளில்லாத கிரவுண்டுல உங்கள ஏத்திட்டு கிளம்பவும் நிறுத்தவும் அவங்க பழகிருக்கணும், திடீர்னு ரோட்டுல அந்த எடைய அவங்க மேல ஏத்தாதீங்க. ரோட்டுல கைய தொடை மேல வச்சுக்கங்க, அவங்க நிறுத்தும்போது உங்க காலு ஃபுட்ரெஸ்ட்லயே இருக்கட்டும். இன்னைக்கு போதும்னு சொல்றது மட்டும் அவங்களா சொல்லட்டும்.