பாலைவனத்தில் அணுகுண்டு சோதித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

"ஆளே இல்லாத பொட்டல்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவின் மாரலிங்கா பற்றிப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

பிரிட்டன் அங்கே 1956, 57-ல் 7 அணுகுண்டுகளை வெடித்தது. படங்களில் நாம் பார்ப்பது அந்தக் காளான் புகையைத்தான். ஆனால் நிலத்தை அதிகம் கெடுத்தவை, 'சிறு சோதனைகள்' என்று பெயரிட்டு 1963 வரை ரகசியமாக நடத்தியவை. விபத்தில் சிக்கினால் குண்டு என்னாகும் என்று பார்க்க, அணுகுண்டின் கதிரியக்க மூலப்பொருளான புளூட்டோனியத்தைச் சாதாரண வெடிமருந்தால் சிதறடித்தார்கள். டாரநாக்கி என்ற ஓரிடத்தில் மட்டும் சுமார் 22 கிலோ. அதில் பாதி குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும்.

1967-ல் 'சுத்தம்' செய்தார்கள். எப்படி? மண்ணை உழுது புரட்டிவிட்டார்கள்! மேலாகக் கிடந்தது மண்ணோடு கலந்து, பின்னால் வந்தவர்களுக்கு வேலை கூடியதுதான் மிச்சம். 1990-களில் மேல்மண்ணைச் சுரண்டி ஆழமாகப் புதைத்தார்கள். பழைய குழிகளில் இருந்த கதிரியக்கக் குப்பையை மின்சாரத்தால் உருக்கிக் கண்ணாடியாக்கவும் பார்த்தார்கள். 1999-ல் ஒரு குழி வெடித்தது. அப்புறம் அந்த முறையையே கைவிட்டார்கள்.

புளூட்டோனியத்தின் ஆல்ஃபா கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. தூசியாக மூச்சில் போய் நுரையீரலில் தங்கினால்தான் வினை. பாலைவனத்தில் தூசிக்கா பஞ்சம்? அதுவும் தரையில் படுத்து, நெருப்பு மூட்டி, பிள்ளைகளைப் புழுதியில் விளையாடவிட்டு வாழ்ந்த பழங்குடி மக்களின் நிலம் அது. சோதனைத் தளம் அவர்கள் கைக்கு வந்தது 2009-ல்தான். இன்றும் சில பகுதிகளில் வேட்டையாடலாம், கடந்து போகலாம், குடியிருக்கக் கூடாது.

சஹாராவிலும் இதே கதைதான். 1962 மே 1 அன்று இன்றைய அல்ஜீரியாவில் உள்ள இன் எக்கர் மலைக்குள் பிரான்ஸ் வெடித்த குண்டு சுரங்க அடைப்பை மீறிக் கதிரியக்கப் புகையையும் பாறைக்குழம்பையும் வெளியே கக்கியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த அமைச்சர்களும் தப்பி ஓட வேண்டியதாயிற்று.

இன்னொன்று. 2021-ல் சஹாரா தூசி பிரான்ஸில் படிந்தபோது அதில் அணுகுண்டு வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 இருந்தது. 'விதைத்தது திரும்பி வந்தது' என்று பலர் பகிர்ந்தார்கள். அளவு மிகச் சொற்பம் என்பது ஒருபக்கம். பிற்பாடு, 2022 மார்ச்சில் வந்த சஹாரா தூசியிலிருந்த புளூட்டோனியத்தின் வகைகளை ஆராய்ந்தபோது, பெரும்பங்கு பிரெஞ்சுக் குண்டுகளுடையது அல்ல என்று தெரிந்தது. வேறெங்கோ அமெரிக்காவும் சோவியத்தும் வெடித்தவை, காற்றோடு உலகைச் சுற்றி வந்து சஹாராவில் படிந்திருக்கின்றன.