மகளின் அமெரிக்கச் சம்பளத்தில் பிடித்த வரி திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் 2023 ஆகஸ்டில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் அமெரிக்கா சென்று, அங்கே ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறாள். மாதச் சம்பளம் 4,000 டாலர். செப்டம்பரில் வாங்கிய முதல் சம்பளத்திலிருந்தே சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று இரண்டு பிடித்தங்கள் இருக்கின்றன. நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது பிடித்த பி.எஃப். போல, ஊர் திரும்பும்போது இந்தப் பணம் கைக்கு வருமா?
– ஒரு தந்தை, கோத்தகிரி

பதில்: வராது. பி.எஃப்.பில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருந்தது. வேலையை விட்டபின் அதிலிருந்த தொகையை நீங்கள் கேட்டு வாங்க முடிந்தது. சோஷியல் செக்யூரிட்டியோ அந்நாட்டு ஓய்வூதியத் திட்டத்துக்கான வரி, மெடிகேர் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான வரி. நாட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லி இவற்றை எடுக்க வழியில்லை. ஆனால் உங்கள் மகள் விஷயத்தில், இந்தப் பணத்தின் ஒரு பகுதியைப் பிடித்திருக்கவே கூடாது என்பதால், அதைத் திரும்பக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

தொழிலாளியின் பங்காக சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதமும் மெடிகேருக்கு 1.45 சதவீதமும் பிடிக்கிறார்கள். 4,000 டாலருக்கு இது மாதம் 306 டாலர். முதலாளியும் அதே அளவு செலுத்த வேண்டும். ஜே-1 விசாவில் வந்து, அந்த விசா அனுமதித்த வேலையையே செய்யும் வெளிநாட்டவருக்கு, வரிச் சட்டத்தின் பார்வையில் அவர் அங்கு வசிப்பவராகக் கருதப்படாத வரை, இவ்விரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. ஆசிரியர்களுக்கு இந்த விலக்கு இரண்டு காலண்டர் ஆண்டுகள். பலரும் இதை 24 மாதம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆகஸ்டில் போய் இறங்கினாலும் 2023 ஒரு முழு ஆண்டாகவே கணக்கில் சேரும். 2024 இரண்டாவது ஆண்டு. 2025 ஜனவரி 1 முதல் அவர் தங்கிய நாட்கள் எண்ணப்படும். அந்த ஆண்டில் 183 நாட்களைத் தொட்டிருந்தால் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே வசிப்பவர் ஆகிவிடுவார், எனவே அதன் பிறகான பிடித்தம் சரியானதே. தவறாகப் போனது 2023 செப்டம்பர் முதல் 2024 டிசம்பர் வரையிலான 16 மாதத் தொகை, அதாவது 4,896 டாலர்.

முதலில் பள்ளியின் சம்பளப் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் தர மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி, வரித்துறைக்குப் படிவம் 843, படிவம் 8316 ஆகியவற்றுடன் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று), விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), டிஎஸ்-2019 (ஜே-1 தகுதிச் சான்று) நகல்களை இணைத்து அனுப்ப வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தொகைக்கு 2027 ஏப்ரல் 15 வரையும், 2024க்கு 2028 ஏப்ரல் 15 வரையும் அவகாசம் உண்டு. உழைத்துச் சம்பாதித்த பணம், விட்டுவிட வேண்டாம்.

வருமான வரி இதிலிருந்து வேறு. இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டு வருமான வரி விலக்கு தருகிறது. ஆனால் அது இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வருகைக்கு உரியது, காலமும் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போனவர்கள், அங்குள்ள வரி ஆலோசகரைக் கேட்காமல் இதை நம்பி இறங்குவது ஆபத்து என்பது என் கருத்து.

கேள்வி: என் மகன் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனும் இப்படித் திரும்பக் கேட்கலாமா?
– ஒரு தாய், குன்னூர்

பதில்: முடியாது, அம்மா. எச்-1பிக்கு இந்த விலக்கு முதல் நாளிலிருந்தே இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் போன்ற நாடுகளுடன் இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அமெரிக்காவுடன் அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லாததால், சில ஆண்டுகளில் திரும்பிவிடும் நம் பிள்ளைகள் கட்டும் பணம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. இது நியாயமல்ல. வரி கட்டி வேலை பார்ப்பதற்குப் புள்ளிகள் தருகிறார்கள்; ஆண்டுக்கு அதிகபட்சம் 4 வீதம் 40 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ பத்தாண்டு வேலை சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி வரும். உங்கள் மகன் ஏழெட்டு ஆண்டுகளைக் கடந்திருந்தால், திரும்பும் தேதியை முடிவு செய்யுமுன் தம் புள்ளிக் கணக்கை சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.