லாக்கப் அடைத்த பிறகு: சிறையும் உடம்பும், கேள்வி பதில்

சிறையில் இருப்பவர்களின் உடம்பு, நடமாட்டம், பயிற்சி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு: நான் ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட். அரசு மருத்துவமனையில் கைதிகள் வார்டையும் பார்த்தேன், சிறைக்குள்ளும் போய்ப் பார்த்தேன். எந்தச் சிறை, யார் யார் என்று கேட்க வேண்டாம். ஜாமீன், பரோல் எனக்குத் தெரிந்த தொழில் இல்லை.

பேட்டையிலிருந்து: ஐயா, வீட்டுக்காரர் ரிமாண்டில் இருக்கிறார். 46 வயது, சுகர் உண்டு, மாத்திரை போடுகிறார். வெளியே இருந்தவரை தினமும் வ.உ.சி. மைதானத்தில் நடப்பார். உள்ளே என்ன செய்யலாம்? மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்கப் போகும்போது சொல்ல வேண்டும்.

அம்மா, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஜெயிலுக்குப் போனால் வேலை வாங்கியே உடம்பை முறித்துவிடுவார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் விசாரணைக் கைதி. அவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. கடுங்காவல் தண்டனை பெற்றவர்களுக்குத்தான் வேலை உண்டு. தண்டனைக் கைதி தறி, பேக்கரி, தோட்டம் என்று எங்காவது போய் வருவார். ரிமாண்டு ஆளுக்கு வாய்தா, மனு, சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாத இவர்கள்தான் உள்ளே அதிகம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சுகர்காரருக்கு அது விஷம்.

அவரிடம் சொல்ல வேண்டியது இதுதான். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கட்டும். காலையில் திறந்துவிட்டதும் பிளாக் முற்றத்தில் அரை மணி. உள்ளே அடைத்த பிறகு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, திண்டு இருந்தால் அதில் உட்கார்ந்து எழுவது, கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு. தினமும் இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கினாலே அது தேறிவிடும். அப்புறம், செருப்பு. வெறுங்காலோடு சிமென்ட் முற்றத்தில் மத்தியானம் நடந்து, பாதம் கொப்பளித்ததே தெரியாமல் வந்தவர்கள் உண்டு. சுகரால் கால் மரத்திருந்தால் சூடு தெரியாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பல சிறைகளில் ராத்திரிச் சாப்பாட்டை மாலை ஐந்து, ஐந்தரைக்கே கொடுத்து அடைத்துவிடுவார்கள். மறுபடி வாயில் ஏதாவது போவது மறுநாள் காலையில்தான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாயங்காலம் கடுமையாகப் பயிற்சி செய்தால் நடுராத்திரியில் சுகர் இறங்கிவிடும். வியர்த்து, நடுங்கி, உளறுவார். பக்கத்தில் படுத்திருப்பவர் ஏதோ கனவு என்று விட்டுவிடுவார். அதனால் பெரிய பயிற்சி எல்லாம் காலையில்தான். கேண்டீனில் கொஞ்சம் சர்க்கரையோ பிஸ்கட்டோ வாங்கி, தலைமாட்டில் வைத்துக்கொள்ளட்டும். பக்கத்துப் பாய்க்காரரிடமும் சொல்லி வைக்கட்டும். நீங்கள் பழைய மருந்துச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேரும்படி கொடுங்கள். மாத்திரை வேளையை மாற்றுவது அவர் கையில்தான்.

வள்ளியூரிலிருந்து: தம்பி உள்ளே இருக்கிறான். புரோட்டீன் பவுடர் கொடுத்துவிட முடியுமா?

முடியாது. கொண்டைக்கடலை, முட்டை கிடைக்கும் நாளில் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஆலங்குளத்திலிருந்து: செல்லுக்குள்ளேயே தினமும் எத்தனை தண்டால், எத்தனை பஸ்கி எடுக்கலாம்? மண்டேலா செய்தாராமே?

செய்தார். ராபன் தீவுச் சிறையில் திங்கள் முதல் வியாழன் வரை, நின்ற இடத்திலேயே முக்கால் மணி நேர ஓட்டம், விரல் நுனியில் 100 தண்டால், படுத்து எழுவது 200, பஸ்கி 50. ஆனால் அவர் உள்ளே போகும் முன்பே குத்துச்சண்டைப் பயிற்சி எடுத்தவர். உங்கள் ஆள் இதற்கு முன் எடுத்த தண்டால் எத்தனை? பழக்கம் இல்லாதவர் ஐந்தில் தொடங்கட்டும். வாரத்துக்கு வாரம் இரண்டு மூன்று கூட்டட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கைதிகள் வார்டுக்கு வந்த ஒரு பையன். கொடைவிழாத் தகராறில் உள்ளே போனவன், இருபது வயதுகூடத் தாண்டியிருக்காது. பந்தயம் கட்டி ஒரே மூச்சில் முந்நூறு பஸ்கி போட்டிருக்கிறான். அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் கழிப்பறையில் உட்கார முடியவில்லை. அதற்கடுத்த நாள் தொடை இரண்டும் வீங்கி, விரல் வைத்தால் கத்துகிறான். சிறுநீர் கடுங்காப்பி நிறம். சக்திக்கு மீறிப் போனால் தசை நார்கள் உடைந்து, அதிலிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் இடத்தில், வெயில் காலத்தில், இது இன்னும் சீக்கிரம் வரும். அவன் சலைன் ஏற்றிப் பிழைத்தான். டயாலிசிஸ் வரைக்கும் போகிறவர்களும் உண்டு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே டாக்டர். வலிக்கு ஊசி மட்டும் போட்டுக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.

களக்காட்டிலிருந்து: யோகா மட்டும் போதுமா?

முதுகுக்கும் தூக்கத்துக்கும் நல்லது. மூச்சு வாங்கும் அளவுக்கு நடையும் வேண்டும்.

முக்கூடலிலிருந்து: அண்ணாச்சி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். தப்பு செய்தவனுக்கு வாலிபால், யோகா, நடைப்பயிற்சி என்று எதற்கு இந்தச் சொகுசு? அந்தக் காலத்தில் செக்கிழுத்தார்கள், கல் உடைத்தார்கள். உடம்பும் கல்லு மாதிரி இருந்தது. நம்ம வ.உ.சி. பாளையங்கோட்டையில் செக்கிழுக்கவில்லையா?

கோபம் இல்லை. முதலில் ஒரு திருத்தம். 1908இல் வ.உ.சி.யைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தது உண்மை. அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர் சிறையில். அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அடுத்து, செக்கிழுத்து யாருக்கும் உடம்பு தேறவில்லை. மாடு இழுக்க வேண்டியதை மனிதனைப் பூட்டி வெயிலில் இழுக்க வைத்தார்கள். கூடவே சிறைக்குப் போன சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூட அவருக்குத் தடை போட்டார்கள். இதுவா கல்லு மாதிரி உடம்பு?

உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் களைத்தால் நிறுத்தலாம், நாளைக்குக் கொஞ்சம் கூட்டலாம், நடுவில் ஓய்வு உண்டு. கட்டாய உழைப்பில் இது எதுவும் உங்கள் கையில் இல்லை. நாள் முழுக்க சுமை தூக்குகிறவருக்கு முதுகும் முட்டியும்தான் போகும், இதயம் பலப்படும் என்று சொல்ல முடியாது.

முக்கூடல் மறுபடி: சரி, செக்கு வேண்டாம். ஆனால் ரவுடிக்கு உடம்பை ஏற்றி வெளியே விட்டால் நம்மைத்தானே அடிப்பான்?

இதைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை. அமெரிக்காவில் இதே பயத்தில்தான் 1996இல் மத்திய அரசுச் சிறைகளுக்கு அரசுப் பணத்தில் எடை தூக்கும் கருவிகள் வாங்கத் தடை கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் 2018இல் ரோசி மீக் என்ற பேராசிரியர் சிறை விளையாட்டு பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். தற்காப்புக் கலையும் குத்துச்சண்டையும் கற்றுக்கொடுக்கலாம் என்றார். அதை மட்டும் அரசு ஏற்கவில்லை. பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அரிவாள் எடுப்பவனுக்குப் புஜம் தேவையில்லை. நான் பார்த்தவரை, சாயங்காலம் ஒரு மணி நேரம் வாலிபால் ஆடிய பிளாக்கில் ராத்திரி தூக்க மாத்திரை கேட்பவர்கள் குறைவு, சண்டையும் குறைவு.

மேலப்பாளையத்திலிருந்து: முக்கூடல்காரர் வீட்டில் ஒருவர் உள்ளே போனால் இப்படிப் பேசுவாரா?

முக்கூடல்: எங்கள் வீட்டில் யாரும் போக மாட்டார்கள்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து: அண்ணாச்சி, தப்பே செய்யாமல் போனவரும் உண்டு. எங்கள் மாமாவைப் பல வருடம் கழித்து விடுதலை செய்தார்கள். முட்டியும் போய் பிபியும் வந்துவிட்டது. அதை யார் திருப்பிக் கொடுப்பது?

ஸ்ரீவைகுண்டம் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. முக்கூடல் அண்ணாச்சிக்கு மட்டும் ஒன்று. கோர்ட் கொடுத்த தண்டனை வெளியே நடமாட முடியாது என்பது. பக்கவாதம் கோர்ட் தீர்ப்பில் இல்லை. திறந்த வெளியில் வேலை பார்க்காத எந்தக் கைதிக்கும் தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்த வெளியில் பயிற்சி வேண்டும் என்று ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 23ஆவது சொல்கிறது. அதைச் சொகுசு என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மேலப்பாளையம் தம்பியும் இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது, உடல்நிலையைக் காட்டி மறுபடி போடலாமா?

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், வக்கீல் இலவசம். தொலைபேசி 15100.

பாளையங்கோட்டையிலிருந்து: எங்கள் சித்தி பெண்கள் சிறையில் இருக்கிறார். உள்ளே போனதிலிருந்து எடை ஏறிக்கொண்டே போகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

தங்கச்சி, பெண்கள் பகுதி பெரும்பாலும் சிறியது, மைதானம் என்று தனியாக இருப்பது அபூர்வம். வீட்டில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்த பெண், உள்ளே போனதும் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். சோறும் கூடுதல். மனநல மாத்திரை ஏதாவது எடுத்தால் அதுவும் எடையைக் கூட்டும். அதற்காக நிறுத்திவிடக் கூடாது. மூச்சு வாங்குவதை எடையின் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இருப்பவரை நடை, நடை என்று விரட்டுவது பாவம். பயிற்சி என்று சொன்னால் வெட்கப்படுவார்கள். நாலு பேர் சேர்ந்து கும்மி அடித்தால் யாரும் வெட்கப்பட மாட்டார்கள், அரை மணி நேரத்தில் வியர்த்துவிடும். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நாங்குநேரியிலிருந்து: உள்ளே இருக்கும் அண்ணனுக்கு மூன்று வாரமாக இருமல். நுரையீரலுக்கு என்ன பயிற்சி?

பயிற்சி இல்லை. சளிப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றது. நெருக்கியடித்துப் படுக்கும் இடத்தில் ஒருவர் இருமினால் பத்துப் பேருக்குப் பரவும். மண்டேலாவுக்கே 1988இல் சிறையில்தான் காசநோய் வந்தது.

தென்காசியிலிருந்து: தினமும் எத்தனை தண்டால் எடுக்கலாம்?

ஆலங்குளத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். கடுங்காப்பி நிறத்தையும் சேர்த்து.

பெயர் வேண்டாம் என்றவர்: நான் வார்டர். கைதியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கும் தொப்பை, பிபி, ராத்திரி ஷிப்ட். எங்களை யார் பார்ப்பது?

நியாயமான கேள்வி. அதே மதிலுக்குள்தான் நீங்களும் இருக்கிறீர்கள். இங்கிலாந்தில் 2017இல் ஒரு சிறையில் சனிக்கிழமை தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் தொடங்கினார்கள். கைதியும் காவலரும் சேர்ந்தே ஓடுகிறார்கள். நம் ஊரில் அதற்கு அனுமதி வாங்குவது பெரும்பாடு, தெரியும். குறைந்தது நைட் முடித்துப் போகும்போது புரோட்டாக் கடையில் உட்காராமல் நேராக வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். இன்னொரு உதவி: மே மாதத்தில் பதினொரு மணிக்கு மேல் யாரையும் வெயிலில் ஆட விடாதீர்கள். மனநல மருந்து எடுப்பவர்களுக்குச் சில மருந்துகளால் வியர்வை சரியாக வராது. சூடு வெளியேறாமல் பொத்தென்று விழுவார்கள்.

கடையத்திலிருந்து: ஒரு வேளைக்கு எத்தனை பஸ்கி...

ஆலங்குளம்.

சங்கரன்கோவிலிலிருந்து: அப்பா ஆயுள் தண்டனை முடித்து வந்திருக்கிறார். ரோட்டில் நடக்கப் பயப்படுகிறார். வீட்டு முற்றத்திலேயே ஏழெட்டு அடி வைத்துத் திரும்பி, ஏழெட்டு அடி வைத்துத் திரும்பி, மணிக்கணக்கில் நடக்கிறார். இடது முட்டி வலி வேறு.

நீண்ட காலம் உள்ளே இருந்தவர்களில் பலருக்கு இந்த நடை வரும். செல்லின் நீளம் காலில் பதிந்துவிடுகிறது. அவர் எந்தப் பக்கமாகத் திரும்புகிறார் என்று கவனியுங்கள். ஒரே பக்கமாகத்தான் திரும்புவார், அந்தக் கால் முட்டிதான் முறுக்கி முறுக்கி வலிக்கும். மாற்றித் திரும்பச் சொன்னால் சில வாரத்தில் பாதி வலி போய்விடும். மீதிக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டும்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, இரண்டு வேளை.

ரோட்டுப் பயத்தை அதட்டிப் போக்க முடியாது. வேகமாக வரும் வண்டியின் தூரத்தைக் கணிக்கும் பழக்கம் விட்டுப் போயிருக்கும். கண் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் விடியற்காலையில், வண்டி இல்லாத நேரத்தில், நீங்கள் ரோட்டுப் பக்கமாக நின்று, அடுத்த விளக்குக் கம்பம் வரை கூட்டிப்போய் வாருங்கள். மறுநாள் அதற்கடுத்த கம்பம். முற்றத்து நடையை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

கடையம் மறுபடி: ஆலங்குளம் என்றால் ஆலங்குளத்தில் யாரைப் பார்க்க வேண்டும்?

யாரையும் இல்லை அண்ணாச்சி. மேலே ஆலங்குளத்துக்காரர் கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறேன், அதைப் படியுங்கள். ஐந்தில் தொடங்கச் சொல்லுங்கள்.