பாயும் ஒட்டும்

கேள்வி: கதையிலோ நாடகத்திலோ தங்களைப் போன்ற ஆட்கள் வந்தால்தானே சனங்கள் அவர்களோடு ஒட்டுவார்கள்?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: மட்டக்களப்புப் பக்கமிருந்து ‘ஒட்டுவார்கள்’ என்று எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள். யாழ்ப்பாணத்தில் அது பழைய வழக்கு. இங்கே மாற்றலாகி வரும் பொடியனை பஸ் ஏற்றும் தாய் கடைசியாகச் சொல்வது, “கவனம், பாயோட ஒட்ட வச்சிடுவாங்கள்.” வந்தவனை மயக்கி இங்கேயே இருத்திவிடுவார்கள் என்ற பயம். மந்திரம் மண்ணாங்கட்டி ஒன்றுமில்லை. மத்தியானம் வாவி மீன் குழம்போடு சோறு, பிறகு ஒரு பன்பாய். உண்டவன் தானாக எழும்பமாட்டான். இப்போது அந்தப் பழிக்கும் வழியில்லை. வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் பாய், அதில் சோற்றுப்பருக்கை தவிர வேறொன்றும் ஒட்டாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒட்டிப்போனவன் யாரோடு ஒட்டினான்? பேச்சு வேறு, கறி வேறு. கலியாணம் முடித்தால் பெண் வீட்டில்தான் குடியிருப்பு. அவனைப் போல அங்கே ஒருவரும் இல்லை. உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்தப் பாயிலேயே கிடக்கிறது.

மீதி கூத்துக் களரியில். வடமோடிக் கூத்தில் ராசா கூடைபோல் விரிந்த கரப்புடுப்பும் முடியுமாக வருவார். அப்படி உடுத்த ஒருவரை எந்த வட்டையிலும், அதாவது வயல்வெளியிலும், காணமுடியாது. திரௌபதியாக நிற்பது மீசை மழித்த ஆண். வட்டக்களரியைச் சுற்றியிருக்கும் பெண்கள் விடியப்புறம் கண் துடைப்பது அந்த ஆளுக்காகத்தான். 1944இல் ஹைடர், சிம்மெல் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் ஓடித்திரியும் படத்தை 34 பேருக்குக் காட்டினார்கள். வெறும் கோடும் வடிவமுமாக அதை விவரித்தவர் ஒரேயொருவர். மற்றவர்கள் சண்டையும் துரத்தலுமாகக் கதை சொன்னார்கள். முக்கோணத்துக்குச் சாரம் கட்டத் தெரியாது, ஆனாலும் சனம் அதோடு ஒட்டியது.

ஒப்புமைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. கவுஃப்மன், லிபி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான்’ என்று கதை சொல்லும், தங்கள் பல்கலைக்கழகத்து மாணவனோடுதான் வாசித்தவர்கள் கூடுதலாகக் கலந்தார்கள். ஆனால் கதைமாந்தன் தன்பாலீர்ப்புள்ளவன் என்பதை முதலிலேயே அறிந்தவர்களைவிடக் கடைசியில் அறிந்தவர்கள் அவனோடு கூடுதலாக ஒன்றினார்கள். ‘இவன் இன்னார்’ என்ற சீட்டை முதலே ஒட்டினால் வாசகன் சீட்டை வாசித்துவிட்டுப் போய்விடுவான்.

நம் எழுத்தாளர்கள் செய்வது அதுதான். முதல் வரியில் ஊர், இரண்டாவதில் தொழில், பிறகு வரிக்கு வரி ‘மறுகா’, ‘கிறுகி’, ‘மனே’ என்று ஊர்ச்சொல். இதற்கு மண்வாசனை என்று பெயர். வட்டைக்குள் இறங்காத ஆள் எழுதினால் வருவது உரவாசனை. பேச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ஊர்ச்சொல் போதும். மூன்றாவது விழுந்தால் வாசகன் ஆளை விட்டுச் சொல்லைப் பார்க்கத் தொடங்குவான்.

அதைவிட இப்படித் தொடங்கிப் பாருங்கள்: இரவு இரண்டு மணி, தண்ணீர் முறை. டோர்ச்சோடு வரம்பில் போகிறான். மேல்வயல்காரன் வரம்பில் தண்ணீர் பாயும் வக்கடையை மண் போட்டு அடைத்திருக்கிறான். விடிந்தால் முறை அடுத்தவனுக்கு. ஆளின் பெயர்கூட வரவில்லை, ஆனாலும் கொழும்பில் வங்கி வரிசையில் நின்று பழகியவனுக்கு வயிறு எரியும். என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், எப்போது நேரம் முடிகிறது என்ற மூன்றும் முதல் ஐந்து வரிக்குள் வரவேண்டும். சாதி, சமயம், தாய்வழிக் குடி எல்லாம் பிறகு.

மேல்வயல்காரனையும் வெறும் கள்ளனாக விட்டுவிடாதீர்கள். அவன் வயலில் நெல் கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நிற்கட்டும். இப்போது தண்ணீர் தவறினால் அவனுக்குப் பதர்தான். வாசகன் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நடுவரம்பில் நிற்பான்.