மாடலில் உட்காரும் ஃப்ரேம் வாயில் ஏன் ஆடுகிறது

வாயை ஸ்கேன் செய்து லேசரில் அச்சிட்ட, கழற்றி மாட்டும் பல் செட்டின் கோபால்ட் குரோம் உலோக ஃப்ரேம், பற்களின் மாடலில் கச்சிதமாக உட்காருகிறது, வாயில் ஆடுகிறது என்கிறீர்கள். அந்த மாடலும் அதே ஸ்கேனில் இருந்து அச்சிட்டதுதானே, பிழையும் ஒன்றுதான், பொருந்தாமல் என்ன செய்யும்! எனக்கு உலோகத்தின் மேல் சந்தேகம் இல்லை, ஸ்கேன் மேல்தான். பல் இல்லாத நீண்ட இடைவெளியைக் கடக்கும்போது ஸ்கேனர் எடுத்த சிறு படங்களை ஒன்றோடொன்று தைப்பதில் ஸ்கேன் லேசாக வளைந்துவிடும்.

முதலில் ரெஸ்ட்டுகளுக்கு, அதாவது ஃப்ரேமில் பல் மேல் உட்காரும் சிறு உலோகத் தாங்கிகளுக்கு, அடியில் பொருத்தம் பார்க்கும் சிலிகானைத் தடவி, ரெஸ்ட் மேல் மட்டும் விரலை வைத்து அழுத்துங்கள், ஈறுப் பக்கம் அழுத்தினால் நல்ல ஃப்ரேமும் ஆடத்தான் செய்யும். இறுகியபின் எங்கே உலோகம் பளிச்சென்று தெரிகிறதோ அங்கேதான் முட்டுகிறது. மென்பொருளில் ஒப்பிடுவதாக இருந்தால் பெஸ்ட் ஃபிட்டை (இரண்டு வடிவங்களை மென்பொருளே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதை) அப்படியே நம்பாதீர்கள், அது பிழையை எல்லாப் பக்கமும் பகிர்ந்துவிட்டு படத்தைப் பச்சையாக, அதாவது எல்லாம் பொருந்துவதாகக் காட்டும். சந்தேகம் தீரவில்லையா, சிலிகான் அளவு எடுத்து கல் மாடல் (கெட்டியான ஜிப்சம் மாடல்) ஊற்றி அதில் ஃப்ரேமை வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஆடினால் மறு ஸ்கேன்தான்.