இரண்டு சப்ளையர் இருந்தும் சரக்கு நிற்பது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: ஒரே பாகத்தை இரண்டு நாடுகளிலிருந்து வாங்குகிறோம். இருந்தும் ஒரே மாதத்தில் இருவரும் கைவிரித்துவிட்டார்கள். எங்கே பிழை?

பதில்: அந்த இருவரும் யாரிடம் மூலப்பொருள் வாங்குகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். எடுத்துக்காட்டாக, சிப்பில் மின்சுற்றைப் பதிக்கும் லேசருக்கு நியான் வாயு வேண்டும். 2022இல் போர் மூண்டபோது, சிப் தொழிலுக்கான நியானில் ஏறத்தாழப் பாதியை உக்ரைனின் மரியுபோலிலும் ஒடேசாவிலும் இருந்த இரண்டே நிறுவனங்கள் சுத்திகரித்துக்கொண்டிருந்தன. சிப்பை எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் வேர் ஒன்றுதான்.

சரக்கு வரும் வழியையும் இப்படியே பாருங்கள். ஆசியாவிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குச் சரக்கு அனுப்புபவர்கள், பனாமா கால்வாய் அடைபட்டால் சூயஸ் கால்வாய் இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். 2023இல் வறட்சியால், பனாமா கால்வாய்க்கு நீர் தரும் காட்டூன் ஏரியின் நீர்மட்டம் இறங்க, பனாமாவில் ஒரு நாளைக்குக் கடக்கும் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், சூயஸுக்குப் போகும் வழியான செங்கடலில் கப்பல்கள்மீது தாக்குதல் தொடங்கி, சூயஸ் பக்கம் போகவே பலரும் அஞ்சினார்கள். மழை பொய்த்ததற்கும் அந்தத் தாக்குதலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் மாற்று வழி என்று வைத்திருந்ததும் சேர்ந்தே போயிற்று. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் பயணம் பல நாட்கள் நீளும். அந்த நாட்களை இப்போதே உங்கள் திட்டத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி: கையிருப்பைக் கூட்டச் சொன்னால் கணக்குப் பிரிவு பணம் முடங்கும் என்கிறது. எவ்வளவு வைப்பது?

பதில்: அவர்கள் சொல்வதும் நியாயம்தான். எல்லாவற்றையும் குவிக்க வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு எண்கள் எழுதுங்கள்: அது வராவிட்டால் எத்தனை நாள் ஓட்டுவீர்கள், சப்ளையரின் ஆலை நின்றால் மீண்டும் ஓட எத்தனை நாள் ஆகும். இரண்டாவது எண் பெரிதாக இருக்கும் பாகங்களுக்கு மட்டும் இருப்பைக் கூட்டுங்கள். பட்டியல் போட்டால் வியப்பீர்கள். உற்பத்தி லைனை நிறுத்துவது பெரும்பாலும் விலை உயர்ந்த பாகம் அல்ல. யாரும் கவனிக்காத ஒரு மலிவான சீல், ஒரு சிறு கனெக்டர். அவற்றைக் கூடுதலாக வைக்க அதிகம் செலவாகாது.

2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டா இந்தக் கணக்கைப் போட்டு, சிப்களை மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் நிறுவனங்கள் சிப் தட்டுப்பாட்டால் தடுமாறியபோது அது தாக்குப்பிடித்தது. ஆனால் அதே ஆண்டு தென்கிழக்கு ஆசியாவில் கொரோனாவால் ஆலைகள் மூடப்பட்டபோது, செப்டம்பர் உற்பத்தித் திட்டத்தில் 40 சதவீதத்தை அதுவும் வெட்டியது. இருப்பு அவகாசம்தான் தரும். அந்த அவகாசத்தில் மாற்றுப் பாகத்தைச் சோதித்து ஒப்புதல் வாங்கும் வேலை நடக்க வேண்டும்.

கேள்வி: தட்டுப்பாடு வரும்போது இரு மடங்கு ஆர்டர் போடலாமா?

பதில்: வேண்டாம். எல்லாரும் அப்படிப் போட்டால் சப்ளையருக்கு உண்மையான தேவை தெரியாது. பிறகு சரக்கு வந்து குவியும்போது ரத்து செய்வீர்கள். அடுத்த முறை உங்கள் ஆர்டரை யார் நம்புவார்?

கேள்வி: எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே வாங்கிவிட்டால்?

பதில்: தூரம் குறையும், ஆபத்து ஓரிடத்தில் குவியலாம். அமெரிக்க மருத்துவமனைகளின் சலைன் போன்ற, ரத்தக்குழாய் வழியே ஏற்றும் திரவங்களில் சுமார் 60 சதவீதம் வட கரோலினாவின் ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் அதற்குள் புகுந்தது. நாடு முழுக்க அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின.

கேள்வி: சப்ளையர் ஆலையில் சின்னத் தீ விபத்து. ஒரு வாரத்தில் சரியாகும் என்கிறார். நம்பலாமா?

பதில்: 2000 மார்ச்சில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்துச் சில நிமிடங்களில் அணைந்தது. அங்கும் ஒரு வாரத் தாமதம் என்றுதான் சொன்னார்கள். அங்கே சிப் வாங்கிய கைபேசி நிறுவனமான நோக்கியா தினமும் நிலவரம் விசாரித்தது. சிப் செய்யும் தூசியற்ற அறைகள் புகையால் கெட்டது தெரிந்ததும் வேறு ஆலைகளின் உற்பத்தியை முதலில் கேட்டு வாங்கிக்கொண்டது. அதே ஆலையில் வாங்கிய இன்னொரு கைபேசி நிறுவனமான எரிக்சன் காத்திருந்தது, சுமார் 40 கோடி டாலர் விற்பனையை இழந்தது. ஆகவே இன்றே பேசுங்கள். எந்த இயந்திரம், எந்த அறை, உங்கள் சரக்கில் எவ்வளவு தப்பியது, அவருடைய வேறு ஆலையில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் நாளைக் காலையே மாற்று சப்ளையரின் வரிசையில் இடம் கேட்டுவிடுங்கள்.