கச்சான் வெயிலும் வீட்டு முதியவர்களும்: கேள்வி பதில்

திருகோணமலையில் நெடுங்காலம் தாதியாக வேலை செய்தவள் நான். சூடான கச்சான் காற்று வீசும் நாட்களில் வீட்டு முதியவர்களைப் பார்ப்பது பற்றிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இயன்றவரை பதில் தருகிறேன்.

உவர்மலை: மிஸ், அப்பாவுக்கு 78 வயது. வியர்க்கவும் இல்லை, தாகமும் இல்லை என்கிறார். தண்ணீர் குடிக்கச் சொல்லி வற்புறுத்தலாமா?

வற்புறுத்துங்கள், மகள். கச்சான் வறண்ட காற்று. வியர்வை வந்ததும் காய்ந்துவிடும், சட்டை நனையாது. வயது போகப் போக வியர்ப்பதும் குறையும், தாகம் தெரிவதும் குறையும். அவர் கேட்கட்டும் என்று இருக்காமல் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அரைக் கப் நீட்டுங்கள். சலம் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

இன்னொன்றையும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். இருட்டில் வளவு தாண்டிக் கக்கூசுக்குப் போகப் பயந்து, பின்னேரத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுகிற அம்மம்மாமார் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கட்டிலடியில் ஒரு மூடி வாளி வையுங்கள், குடிப்பார்கள். இதய, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள்.

பாலையூற்று: அம்மா பிறஷருக்குச் சலம் போகிற குளிசை போடுகிறா. தலைச்சுற்று. நிறுத்தவா?

நீங்களாக நிறுத்தவே வேண்டாம். கொப்பியோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வெயில் காலத்துக்கு அளவை மாற்றலாமா என்று கேளுங்கள்.

திருக்கடலூர்: உடம்பு கொதித்தால் பனடோல்?

வெயிலால் ஏறிய சூட்டைப் பனடோல் இறக்காது. உடம்பு கொதித்து, பேச்சும் தடுமாறினால் உடனே 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அன்புவழிபுரம்: இரண்டு பனடோல் கொடுத்தால்?

இப்போதுதானே சொன்னேன். வேண்டாம்.

மனையாவெளி: சீனி வருத்தத்துக்கு எந்தப் பழம் நல்லது?

அதைக் கிளினிக்கில் கேளுங்கள். இன்சுலினில் மட்டும் வெயில் பட விடாதீர்கள்.

உப்புவெளி: யன்னலைப் பூட்டச் சொல்கிறார்கள். காற்றில்லாமல் மனுசர் இருப்பதா?

வெளியே வீட்டைவிடச் சூடாக இருக்கும்வரை, யன்னலைத் திறந்தால் சூடுதான் உள்ளே வரும், ஐயா. பகலில் திரையை இழுத்து விடுங்கள். பொழுதுபட்டு வெளியே குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறவுங்கள்.

சாம்பல்தீவு: உங்களுக்கு ஓட்டு வீடு போல. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே பூட்டிக்கொண்டு இருந்து பாருங்கள்!

உப்புவெளி: அதைத்தானே நானும் கேட்கிறேன்!

சாம்பல்தீவுத் தம்பி சொல்வது சரி. தகரத்துக்குக் கீழே பூட்டிய அறை போறணைதான், அங்கே என் பதில் பொருந்தாது. பத்து மணிக்கு முன்பே கிழவர்களை வேப்பமர நிழலுக்குக் கொண்டுவாருங்கள். ஈரத் துணியைக் கழுத்திலும் கையிலும் போடுங்கள். கச்சானில் அது சட்டென்று காயும், காயும்போது உடம்பு குளிரும். காய்ந்த துணியைத் திரும்ப நனைக்கப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.